பருவகால இன்ஃபுளுவென்சா

பருவகால இன்ஃபுளுவென்சா அல்லது சளிக்காய்ச்சல் என்பது இன்ஃபுளுவென்சா தீநுண்மங்களால் (வைரசுகளால்) ஏற்படும், மனிதரிடையே எளிதில் பரவக்கூடிய மூச்சுத்தொகுதி நோயாகும். இது பேச்சுவழக்கில் ஃபுளூ அல்லது ஃபுளூ காய்ச்சல் எனப்படுகிறது. மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல் ஆகியவற்றை இந்நோய் முதன்மையாகத் தாக்குகிறது. சிலரில் நுரையீரலையும் பாதிக்கிறது. ஆண்டின் சில பருவங்களில் மிகுந்து, பிற மாதங்களில் தணிந்து, மீண்டும் வருவதால் இது பருவகால நோய் எனப் பெயர் பெற்றது.

உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு இந்நோய் ஏற்படுகிறது. அவர்களுள் 30 முதல் 50 இலட்சம் பேர் கடுமையாகப் பாதிக்கப்படுகின்றனர். 2,90,000 முதல் 6,50,000 வரையானோர் இந்நோய் தொடர்பான மூச்சுத்தொகுதிச் சிக்கல்களால் இறக்கின்றனர். நல்ல உடல்நிலை கொண்டோரில் பெரும்பாலோர் ஓரிரு வாரங்களில் தாமாகவே குணமடைந்துவிடுவதால், இது "வெறும் சளி" எனக் கருதப்பட்டுப் புறக்கணிக்கப்படுவதுண்டு. எனினும் முதியோர், கைக்குழந்தைகள், கருவுற்ற பெண்கள், நாட்பட்ட நோயுள்ளோர் ஆகியோருக்கு இது உயிருக்கு ஊறு விளைவிக்கக்கூடியது.

தட்டம்மை ஒருமுறை வந்தவருக்கு அந்நோய் மீண்டும் வருவது அரிது. இன்ஃபுளுவென்சாவோ ஒருவருக்கு வாழ்நாளில் பலமுறை வரக்கூடியது. இந்நோயை உண்டாக்கும் தீநுண்மம் இடைவிடாது மாறிக்கொண்டே இருப்பதே இதற்கு முதன்மையான காரணமாகும். இந்நோய்க்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் இட்டுக்கொள்ள வேண்டியிருப்பதும் இதனாலேயே.

பெயர்

இன்ஃபுளுவென்சா என்பது "தாக்கம்" எனப் பொருள்படும் இத்தாலிய மொழிச் சொல்லாகும். நுண்ணுயிர்களைப் பற்றிய அறிவு தோன்றாத காலத்தில், விண்மீன்களின் தாக்கத்தாலோ குளிரின் தாக்கத்தாலோ இந்நோய் உண்டாகிறது என்று நம்பப்பட்டதால் இப்பெயர் ஏற்பட்டது. இச்சொல்லின் சுருக்கமே ஃபுளூ என்பதாகும்.

நோய்க்காரணி

இன்ஃபுளுவென்சா தீநுண்மம் ஏறத்தாழ 80 முதல் 120 நானோமீட்டர் விட்டம் கொண்டது. இதன் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. ஆகும். மரபுப்பொருளைச் சுற்றிக் கொழுப்பாலான உறை ஒன்று அமைந்துள்ளது. சவர்க்காரமும் எரிசாராயமும் இவ்வுறையைச் சிதைத்துவிடுவதால், கைகளைக் கழுவுதல் இத்தீநுண்மத்தை அழிக்கும் எளிய வழியாகிறது.

உறையின் மேற்பரப்பில் இருவகைப் புரதங்கள் முட்களைப் போல் நீட்டிக்கொண்டிருக்கின்றன.

* ஹீமக்ளூட்டினின்: மூச்சுப்பாதையின் உயிரணுக்களில் தீநுண்மம் ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைய உதவுகிறது.
* நியூராமினிடேசு: உயிரணுவினுள் பெருகிய புதிய தீநுண்மங்கள் அதிலிருந்து விடுபட்டு வெளியேற உதவுகிறது.

எச்1என்1, எச்3என்2 போன்ற பெயர்களில் "எச்" என்பது முதல் புரதத்தையும் "என்" என்பது இரண்டாம் புரதத்தையும் குறிக்கின்றன. எண்கள் அப்புரதங்களின் வகையைக் காட்டுகின்றன.

வகைகள்

இன்ஃபுளுவென்சா தீநுண்மங்கள் ஏ, பி, சி, டி என நான்கு வகைப்படும்.

* ஏ வகை: மனிதர், பறவைகள், பன்றிகள் உள்ளிட்ட பல உயிரினங்களைத் தாக்குகிறது. நீர்ப்பறவைகளே இதன் இயற்கையான இருப்பிடம். உலகளாவிய பெருந்தொற்றுகளை உண்டாக்கியது இவ்வகை மட்டுமே. தற்போது மனிதரிடையே பருவந்தோறும் பரவி வருபவை எச்1என்1, எச்3என்2 ஆகிய துணை வகைகளாகும்.
* பி வகை: பெரும்பாலும் மனிதரிடையே மட்டும் பரவுகிறது. இதில் விக்டோரியா, யமகதா என இரு மரபுவழிகள் அறியப்பட்டிருந்தன. 2020 மார்ச்சு மாதத்திற்குப் பின்னர் யமகதா மரபுவழியின் இயற்கையான பரவல் உறுதிசெய்யப்படவில்லை.
* சி வகை: இலேசான நோயையே உண்டாக்குகிறது.
* டி வகை: பெரும்பாலும் கால்நடைகளைத் தாக்குகிறது. மனிதரில் நோயை உண்டாக்குவதாக அறியப்படவில்லை.

புதிதாகப் பிரித்தெடுக்கப்படும் ஒவ்வொரு தீநுண்மத்திற்கும் அதன் வகை, கண்டறியப்பட்ட இடம், மாதிரி எண், ஆண்டு ஆகியவற்றைக் கொண்டு பெயரிடப்படுகிறது. எடுத்துக்காட்டாக, ஏ/கலிபோர்னியா/7/2009 என்பது 2009ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் பெறப்பட்ட ஏ வகைத் தீநுண்மமாகும்.

மீண்டும் மீண்டும் வருவதன் காரணம்

ஒருவரை இன்ஃபுளுவென்சா தாக்கும்போது, அவரது உடல் தீநுண்மத்தின் மேற்பரப்புப் புரதங்களை அடையாளங்கண்டு, அவற்றுடன் பொருந்தும் பிறபொருளெதிரிகளை உருவாக்குகிறது. பிறபொருளெதிரி என்பது உடலினுள் நுழைந்த அயற்பொருளைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்யும் புரதமாகும். இதனைப் பூட்டும் திறவுகோலும் போன்ற பொருத்தம் எனலாம். பூட்டின் வடிவம் மாறிவிட்டால் பழைய திறவுகோல் சரிவரப் பொருந்தாது. இன்ஃபுளுவென்சா தீநுண்மம் தனது "பூட்டை" இரு வழிகளில் மாற்றிக்கொள்கிறது.

சிறு மாற்றம்: தீநுண்மம் தன் ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது பிழைகள் நேர்கின்றன. படியெடுக்கும் நொதிக்குப் பிழைதிருத்தும் திறன் இல்லை. எனவே பிழைகள் சேர்ந்து, மேற்பரப்புப் புரதங்களின் வடிவம் சிறுகச் சிறுக மாறுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் உருவான பிறபொருளெதிரிகள் மாறிய வடிவத்தை முழுமையாக அடையாளங்காண்பதில்லை. ஆண்டுதோறும் தோன்றும் பருவகாலப் பரவலுக்கு இம்மாற்றமே அடிப்படையாகும்.

பெருமாற்றம்: ஏ வகைத் தீநுண்மத்தின் மரபுப்பொருள் எட்டுத் துண்டுகளாக அமைந்துள்ளது. பன்றி போன்ற ஓர் உயிரினத்தை இரு வேறு தீநுண்மங்கள் ஒரே நேரத்தில் தாக்கினால், அவற்றின் துண்டுகள் சீட்டுக்கட்டைப் போலக் கலந்து முற்றிலும் புதிய தீநுண்மம் ஒன்று உருவாகலாம். மனிதருள் பெரும்பாலோர் இதற்கெதிரான ஆற்றலைப் பெற்றிருக்க மாட்டார்கள். இத்தகைய தீநுண்மம் மனிதரிடையே எளிதில் பரவும் தன்மையையும் பெற்றுவிட்டால் உலகளாவிய பெருந்தொற்று ஏற்படுகிறது. இது அரிதாகவே நிகழ்கிறது.

பரவும் முறை

நோயுற்றவர் இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் வெளிப்படும் நுண்துளிகள் வழியாகவே இந்நோய் முதன்மையாகப் பரவுகிறது. காற்றோட்டமற்ற, நெரிசலான இடங்களில் பரவல் மிகுதி. நுண்துளிகள் படிந்த கதவுக் கைப்பிடி, மேசை போன்றவற்றைத் தொட்ட கையால் கண், மூக்கு, வாய் ஆகியவற்றைத் தொடுவதாலும் தொற்று ஏற்படலாம்.

தொற்று ஏற்பட்டதிலிருந்து அறிகுறிகள் தோன்றும் வரையான காலம் 1 முதல் 4 நாட்களாகும். பெரும்பாலும் 2 நாட்கள். அறிகுறிகள் தோன்றுவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் முன்பே ஒருவர் நோயைப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். அதன் பின்னர் 5 முதல் 7 நாட்கள் வரை பரப்பக்கூடும். சிறு குழந்தைகளும் நோயெதிர்ப்பாற்றல் குன்றியவர்களும் இதனினும் நீண்ட நாட்கள் பரப்பலாம். நோயுற்றதை ஒருவர் உணர்வதற்கு முன்பே பிறருக்குத் தொற்றிவிடுவதால், நோயுற்றோரை ஒதுக்கி வைப்பதால் மட்டும் பரவலை முற்றிலும் தடுக்க இயலாது.

பருவம்

மிதவெப்ப மண்டல நாடுகளில் இந்நோய் குளிர்காலத்தில் மிகுதியாகப் பரவுகிறது. வடவரைக்கோளத்தில் ஏறத்தாழ அக்டோபர் முதல் ஏப்ரல் வரையிலும், தென்னரைக்கோளத்தில் ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரையிலும் இப்பருவம் அமைகிறது. குளிர்ந்த, ஈரப்பதம் குறைந்த காற்றில் தீநுண்மம் நீண்ட நேரம் நிலைத்திருப்பதும், மக்கள் மூடிய அறைகளில் கூடியிருப்பதும் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

வெப்பமண்டல நாடுகளில் ஆண்டு முழுவதும் நோய் காணப்பட்டாலும், மழைக்காலத்தை ஒட்டி உச்சம் பெறுவதுண்டு. 2009 முதல் 2013 வரை இந்திய நகரங்களில் மேற்கொள்ளப்பட்ட கண்காணிப்பு இதனைத் தெளிவாகக் காட்டியது. அதன்படி, பெரும்பாலான நகரங்களில் தென்மேற்குப் பருவமழைக் காலமான சூலை முதல் செப்டம்பர் வரை நோய் உச்சத்தை அடைந்தது. சிறீநகரில் குளிர்மிகுந்த சனவரி முதல் மார்ச்சு வரை உச்சம் காணப்பட்டது. வடகிழக்குப் பருவமழையால் பெருமளவு மழை பெறும் தமிழ்நாட்டில், சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் உச்சம் ஏற்பட்டது. ஒரே நாட்டினுள்ளும் தடுப்பூசிக்கு ஏற்ற காலம் இடத்திற்கு இடம் வேறுபடுகிறது என்பது இதனால் விளங்கும்.

அறிகுறிகள்

இன்ஃபுளுவென்சா பெரும்பாலும் திடீரெனத் தொடங்குகிறது. பொதுவான அறிகுறிகள் வருமாறு:

* காய்ச்சல், குளிர்நடுக்கம்
* வறட்டு இருமல்
* தலைவலி
* தசைவலி, மூட்டுவலி
* மிகுந்த சோர்வு
* தொண்டைவலி, மூக்கொழுகல்

குழந்தைகளில் வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியனவும் காணப்படலாம். முதியோரில் காய்ச்சல் இல்லாமலேயே நோய் இருக்கக்கூடும். காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள் தணிந்துவிடும். இருமலும் சோர்வும் இரண்டு வாரங்களோ அதற்கு மேலுமோ நீடிக்கலாம்.

சாதாரணச் சளியிலிருந்து வேறுபாடு

சாதாரணச் சளி இன்ஃபுளுவென்சாவினின்று வேறான நோயாகும். அதனை ரைனோவைரசு முதலிய பிற தீநுண்மங்கள் உண்டாக்குகின்றன.

* தொடக்கம்: சளி படிப்படியாகத் தொடங்கும், இன்ஃபுளுவென்சா சில மணிநேரத்திலேயே ஒருவரைப் படுக்கையில் வீழ்த்தக்கூடும்.
* காய்ச்சல்: சளியில் பெரியோருக்குக் காய்ச்சல் வருவது குறைவு, இன்ஃபுளுவென்சாவில் அது பொதுவானது.
* உடல்வலியும் சோர்வும்: சளியில் இலேசானவை, இன்ஃபுளுவென்சாவில் கடுமையானவை.
* மூக்கடைப்பும் தும்மலும்: சளியின் முதன்மையான அறிகுறிகள், இன்ஃபுளுவென்சாவில் சில வேளைகளில் மட்டும் காணப்படுபவை.

கோவிட்-19 நோயின் அறிகுறிகள் இன்ஃபுளுவென்சாவை மிகவும் ஒத்திருப்பதால், அறிகுறிகளை மட்டும் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. மழைக்காலத்தில் டெங்கு காய்ச்சலும் பரவும் பகுதிகளில், காய்ச்சலையும் உடல்வலியையும் மட்டும் வைத்து ஃபுளூ எனத் தாமே முடிவு செய்வது ஆபத்தானது.

சிக்கல்கள்

நுரையீரல் அழற்சி இந்நோயின் முதன்மையான சிக்கலாகும். இதனைத் தீநுண்மமே நேரடியாக உண்டாக்கலாம். மூச்சுப்பாதை பழுதடைந்த நிலையில் நியூமோகாக்கசு போன்ற பாக்டீரியாக்கள் தாக்குவதாலும் இது ஏற்படலாம். காதழற்சி, இதயத்தசை அழற்சி, மூளையழற்சி ஆகியவையும் ஏற்படக்கூடும். ஆத்துமா, இதயநோய் போன்ற ஏற்கெனவே உள்ள நோய்கள் தீவிரமடைவதுமுண்டு.

சிக்கல்கள் ஏற்படும் வாய்ப்பு மிகுந்தோர்:

* 65 அகவையைக் கடந்தோர்
* 5 அகவைக்குட்பட்ட குழந்தைகள், குறிப்பாக 2 அகவைக்குட்பட்டோர்
* கருவுற்ற பெண்கள்
* நீரிழிவு, ஆத்துமா, இதயநோய், சிறுநீரக நோய், கல்லீரல் நோய் உள்ளோர்
* நோயெதிர்ப்பாற்றல் குன்றியோர்

உடனடி மருத்துவ உதவி தேவைப்படும் நிலைகள்

மூச்சுத்திணறல், மார்பில் இடைவிடாத வலி, மனக்குழப்பம் அல்லது விழிப்பூட்ட இயலாத நிலை, வலிப்பு, சிறுநீர் கழியாமை ஆகியவை தோன்றினால் காலந்தாழ்த்தாது மருத்துவமனையை நாட வேண்டும். குழந்தைகளில் வேகமான மூச்சு, மூச்சிழுக்கும்போது விலாப்பகுதி உள்வாங்குதல், உதடு அல்லது முகம் நீலம் பூத்தல், பால் அல்லது நீர் அருந்த மறுத்தல் ஆகியவை எச்சரிக்கைக் குறிகளாகும். காய்ச்சல் தணிந்து, பின்னர் மீண்டும் முன்னைவிடக் கடுமையாக வருவது பாக்டீரியத் தொற்றின் அடையாளமாக இருக்கக்கூடும்.

நோயறிதல்

பரவல் மிகுந்த காலங்களில் மருத்துவர்கள் பெரும்பாலும் அறிகுறிகளைக் கொண்டே நோயைக் கணிக்கின்றனர். உறுதி செய்வதற்கு மூக்கு அல்லது தொண்டையிலிருந்து பஞ்சுக்குச்சி மூலம் மாதிரி எடுக்கப்படுகிறது. ஆர்.டி.-பி.சி.ஆர். எனப்படும் மரபணுச் சோதனை துல்லியமானது. விரைவுச் சோதனைகள் சில நிமிடங்களில் முடிவைத் தந்தாலும், நோய் இருந்தும் இல்லை எனக் காட்டும் வாய்ப்பு அவற்றில் கூடுதலாக உள்ளது.

சிகிச்சை

நல்ல உடல்நிலை கொண்டோருக்கு ஓய்வும், போதிய நீர்ம உணவும், காய்ச்சலையும் வலியையும் தணிக்கும் பாராசித்தமோல் போன்ற மருந்துகளும் பெரும்பாலும் போதுமானவை. குழந்தைகளுக்கும் பதின்ம அகவையினருக்கும் ஆசுப்பிரின் கொடுத்தலாகாது. அது கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரேயின் கூட்டறிகுறி என்னும் அரிய, கொடிய நோய்க்கு இட்டுச்செல்லலாம்.

கடுமையாக நோயுற்றோருக்கும் சிக்கல்களுக்கான வாய்ப்பு மிகுந்தோருக்கும் ஓசெல்டாமிவிர் போன்ற தீநுண்ம எதிர்ப்பு மருந்துகளை மருத்துவர் பரிந்துரைப்பார். இம்மருந்து நியூராமினிடேசு புரதத்தைத் தடுத்து, புதிய தீநுண்மங்கள் வெளியேறிப் பரவுவதைக் கட்டுப்படுத்துகிறது. அறிகுறிகள் தோன்றிய 48 மணிநேரத்திற்குள் தொடங்கினால் இதன் பயன் மிகுதி. எனவே மேற்கூறிய பிரிவினர் "நான்கைந்து நாள் பார்ப்போம்" எனக் காத்திராமல் மருத்துவரை அணுகுதல் இன்றியமையாதது.

நுண்ணுயிர் எதிர்ப்பிகள் (ஆன்டிபயாட்டிக்குகள்) பாக்டீரியாக்களை அழிப்பவை. தீநுண்மங்களின் மீது அவை செயற்படுவதில்லை. பாக்டீரியத் தொற்று உடன் ஏற்பட்டிருந்தால் மட்டுமே அவை தேவைப்படும். மருத்துவர் பரிந்துரையின்றி மருந்துக்கடையில் வாங்கி உட்கொள்வதால் நோய் விரைவில் குணமாவதில்லை. மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகவே அது வழிவகுக்கிறது.

தடுப்பு

தடுப்பூசி

ஆண்டுதோறும் தடுப்பூசி இட்டுக்கொள்வதே இந்நோயைத் தடுக்கும் முதன்மையான வழியாகும். 1952இல் நிறுவப்பட்ட உலக சுகாதார அமைப்பின் கண்காணிப்பு வலையமைப்பில் 120க்கும் மேற்பட்ட நாடுகளின் ஆய்வகங்கள் இணைந்துள்ளன. புனேயில் உள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனம் அவற்றுள் ஒன்று. உலகெங்கும் பரவும் தீநுண்மங்களின் மாற்றங்களை இவை ஆண்டு முழுவதும் பதிவு செய்கின்றன. அவற்றின் அடிப்படையில், அடுத்த பருவத்திற்கான தடுப்பூசியில் இடம்பெற வேண்டிய தீநுண்மங்கள் ஆண்டுக்கு இருமுறை அறிவிக்கப்படுகின்றன. வடவரைக்கோளத்திற்கான அறிவிப்பு பிப்ரவரியிலும், தென்னரைக்கோளத்திற்கானது செப்டம்பரிலும் வெளியாகின்றன.

தடுப்பூசியைப் பெருமளவில் உருவாக்க ஏறத்தாழ ஆறு மாதங்கள் தேவைப்படுவதால், எந்தத் தீநுண்மம் பரவும் என்பது முன்கூட்டியே கணிக்கப்படுகிறது. கணிப்புக்கும் நோயின் பருவத்திற்கும் இடைப்பட்ட காலத்தில் தீநுண்மம் மேலும் மாறிவிட்டால் தடுப்பூசியின் திறன் குறையும். பொருத்தம் நன்றாக அமைந்த ஆண்டுகளில், நோயால் மருத்துவரை நாட வேண்டிய வாய்ப்பைத் தடுப்பூசி ஏறத்தாழ 40 முதல் 60 விழுக்காடு வரை குறைக்கிறது. நோய் வந்தாலும் அதன் கடுமையையும் இறப்பையும் குறைப்பது இதன் முக்கியப் பயனாகும்.

ஊசி இட்ட பின்னர் பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். ஆகவே அவ்விடத்தில் நோய் உச்சமடையும் பருவத்திற்குச் சில வாரங்கள் முன்பே ஊசி இட்டுக்கொள்ளுதல் நன்று. முதன்முறையாகத் தடுப்பூசி பெறும் சிறு குழந்தைகளுக்குக் குறைந்தது நான்கு வார இடைவெளியில் இருமுறை ஊசி இடப்படுகிறது.

ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுக்கு இத்தடுப்பூசி இடப்படுவதில்லை. ஆனால் தாய் கருவுற்றிருக்கும்போது தடுப்பூசி பெற்றால், அவரது உடலில் உருவாகும் பிறபொருளெதிரிகள் குழந்தைக்குச் சென்று, பிறந்த பின் முதல் சில மாதங்கள் பாதுகாப்பளிக்கின்றன. கருவுற்ற பெண்கள், முதியோர், நாட்பட்ட நோயுள்ளோர், ஆறு மாதம் முதல் ஐந்து அகவை வரையான குழந்தைகள், மருத்துவப் பணியாளர்கள் ஆகியோருக்குத் தடுப்பூசியை உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. இந்திய அரசின் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டத்தில் இது இடம்பெறவில்லை. எனவே இப்பிரிவினர் மருத்துவரிடம் கேட்டறிந்து தாமாகவே பெற வேண்டியுள்ளது.

அன்றாடப் பழக்கங்கள்

* கைகளைச் சவர்க்காரமிட்டுக் குறைந்தது 20 நொடிகள் கழுவுதல். நீர் கிடைக்காதவிடத்து 60 விழுக்காட்டிற்குக் குறையாத எரிசாராயம் கொண்ட கைத்தூய்மியைப் பயன்படுத்தலாம்.
* இருமும்போதும் தும்மும்போதும் வாயையும் மூக்கையும் மெல்லிய தாளாலோ முழங்கையின் உட்புறத்தாலோ மூடுதல்.
* கழுவாத கையால் கண், மூக்கு, வாய் ஆகியவற்றைத் தொடாதிருத்தல்.
* அறைகளின் சாளரங்களைத் திறந்து காற்றோட்டம் ஏற்படுத்துதல்.
* நோயுற்றபோது பள்ளிக்கோ அலுவலகத்திற்கோ செல்லாதிருத்தல். காய்ச்சல் மருந்தின்றியே உடல் வெப்பம் இயல்பாகி 24 மணிநேரம் கடந்த பின்னரே வெளியே செல்வது நல்லது.
* நோயுற்றவரும் அவரைப் பராமரிப்பவரும் முகக்கவசம் அணிதல்.

கோவிட்-19 பெருந்தொற்றின்போது முகக்கவசம், இடைவெளி, பயணத் தடை முதலியவை பின்பற்றப்பட்ட 2020, 2021 ஆண்டுகளில் உலகின் பல பகுதிகளில் இன்ஃபுளுவென்சா பரவல் வெகுவாகக் குறைந்தது. கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் நோய் மீண்டும் பரவத் தொடங்கியது.

வரலாறு

1892இல் செருமானிய ஆய்வாளர் ரிச்சர்டு ஃபைஃபர், நோயாளிகளிடம் தாம் கண்ட ஒரு பாக்டீரியமே இந்நோய்க்குக் காரணம் என அறிவித்தார். 1918ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போதும் இக்கருத்து செல்வாக்குடன் இருந்தது. அப்பெருந்தொற்றில் உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் இறந்ததாகப் பரவலாக மதிப்பிடப்படுகிறது. இந்தியா அதில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட நாடுகளுள் ஒன்றாகும்.

1933இல் இலண்டனில் வில்சன் சிமித், கிறித்தோபர் ஆண்ட்ரூசு, பேட்ரிக் லெய்டுலா ஆகியோர், ஃபெரட் எனப்படும் கீரி போன்ற சிறு விலங்கைப் பயன்படுத்தி மனித இன்ஃபுளுவென்சா தீநுண்மத்தைப் பிரித்தெடுத்தனர். 1940இல் தாமசு பிரான்சிசு பி வகையைக் கண்டறிந்தார். தாமசு பிரான்சிசும் யோனாசு சால்க்கும் பங்காற்றி உருவாக்கிய தடுப்பூசி 1940களில் அமெரிக்கப் படையினருக்கு இடப்பட்டது.

1957இல் எச்2என்2 தீநுண்மத்தால் ஏற்பட்ட பெருந்தொற்று, அவ்வாண்டு மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்திற்கு வந்த கப்பலின் பயணிகள் வழியாக இந்தியாவில் நுழைந்தது. அப்பரவலில் இந்தியாவில் 44 இலட்சத்திற்கும் மேற்பட்ட நோயாளிகள் பதிவாயினர். அக்காலத்தில் நீலகிரி மாவட்டம் குன்னூரிலுள்ள பாசுச்சர் நிறுவனத்தில் இந்தியாவின் இன்ஃபுளுவென்சா மையம் இயங்கிவந்தது. 1968இல் எச்3என்2 தீநுண்மத்தால் மற்றொரு பெருந்தொற்று ஏற்பட்டது.

2009இல் புதிய எச்1என்1 தீநுண்மம் தோன்றியது. உலக சுகாதார அமைப்பு அவ்வாண்டு சூன் 11 அன்று பெருந்தொற்றை அறிவித்து, 2010 ஆகத்து 10 அன்று அது முடிவுற்றதாக அறிவித்தது. தீநுண்மமோ மறையவில்லை, இன்று பருவந்தோறும் வரும் தீநுண்மங்களுள் ஒன்றாகிவிட்டது. 1968இல் தோன்றிய எச்3என்2 தீநுண்மத்தின் வழித்தோன்றல்களும் இன்றுவரை பரவி வருகின்றன.

தவறான கருத்துகள்

* "தடுப்பூசியால் ஃபுளூ வருகிறது": ஊசியாக இடப்படும் தடுப்பூசிகளில் உயிர்ப்புள்ள தீநுண்மம் இல்லை, எனவே அவை நோயை உண்டாக்க இயலாது. ஓரிரு நாட்கள் கைவலி, இலேசான காய்ச்சல் ஏற்படலாம்.
* "மழையில் நனைந்தால் ஃபுளூ வரும்": தீநுண்மம் உடலுக்குள் நுழையாமல் நோய் ஏற்படாது.
* "பன்றி இறைச்சி உண்பதால் பன்றிக்காய்ச்சல் வருகிறது": நன்கு வேகவைத்த இறைச்சியால் இந்நோய் பரவுவதில்லை. 2009 முதல் அப்பெயரால் அழைக்கப்படும் எச்1என்1 மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவுகிறது.
* "சென்ற ஆண்டு ஊசி இட்டாயிற்று, இனித் தேவையில்லை": ஊசியால் பெற்ற பாதுகாப்பு மாதங்கள் செல்லச் செல்லக் குறைகிறது; தீநுண்மமும் இதற்குள் மாறிவிடுகிறது. எனவே ஒவ்வோர் ஆண்டும் புதிய தடுப்பூசி தேவைப்படுகிறது.